ஜீப்பின் முன் அச்சை மாற்றுவதா?

பேசாலையில் என் மாமாவிடம் ஒரு பழைய மிட்சுபிசி ஜீப் நிற்கிறது. காலையில் கரைக்கு வரும் மீன்பெட்டிகளை வாடியிலிருந்து ஐஸ் லொறி நிற்கும் றோட்டு வரைக்கும் ஏற்றிக்கொண்டு வருவதுதான் அதன் தொழில். காத்து மாறும் காலத்தில் தென்கடற்கரையிலிருந்து வடகடற்கரைக்கு வலையையும் சாமானையும் மாற்றப் போவதும் அதுதான். ரெண்டு குடும்பம் அந்த ஜீப்பை நம்பி இருக்கு. போன கச்சான் முடிகிற நேரம், முன் இடது சில்லுக்குப் பின்னாலுள்ள உருண்டைக்கூட்டிலிருந்து ஒயில் ஒழுகத் தொடங்கியது. கராஜில் கழட்டிப் பார்த்தால் உள்ளே இருந்தது ஒயிலே இல்லை, பால்தேத்தண்ணி. கடல் தண்ணி உள்ளே போய்ப் பேரிங் எல்லாம் துரு.

கராஜ்காரருக்கு யோசிக்க நேரம் தேவைப்படவில்லை. "அண்ணை, இதைத் திருத்தித் திருத்தி எத்தினை நாளைக்கு ஓடுறது? முழு முன் அச்சையும் கழட்டிட்டு வேற ஒண்டு போடுவம். பஞ்சிகாவத்தையில ஹாஃப் கட் சாமான் கிடக்கு, டிஸ்க் பிரேக்கோட வரும்" என்றார். அவர் சொன்ன விலைக்குப் படகுக்கு ஒரு பழைய வெளியிணைப்பு எஞ்சின் எடுத்துவிடலாம். மாமா அங்கே ஒன்றும் சொல்லவில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு என்னிடம், "நீ படிக்கிற பிள்ளைதானே, கொஞ்சம் தேடிப் பாத்துச் சொல்லு மருமோன்" என்றார்.

நான் தேடப் போனது மெக்கானிக் விசயம். கிடைத்தது வரலாறு. இந்தக் கேள்வியை நூறு வருசத்துக்கு மேலாக ஆட்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் பல தடவை மணலில் புதைந்து நின்றுகொண்டு.

மாட்டுவண்டியில் அச்சுக்கு ஒரே வேலை, பாரம் தாங்குவது. இழுப்பதும் மாடு, திருப்புவதும் மாடு. மோட்டார் வண்டி வந்தபோது பின் அச்சு பாரத்தையும் தாங்கி வண்டியையும் தள்ளியது. முன் அச்சு பாரத்தைத் தாங்கித் திரும்பியது. நாலு சில்லும் இழுக்கவேண்டும் என்று வரும்போதுதான் தாங்குவது, திரும்புவது, இழுப்பது என்று மூன்று வேலையும் முன் அச்சின் தலையில் விழுகிறது. திரும்பிக்கொண்டே சுற்றும் சில்லுக்கு எஞ்சினின் இழுவையைக் கொண்டுபோக ஒரு மூட்டு வேண்டும். சாதாரணக் குரொஸ் மூட்டு மடங்கி நிற்கும்போது ஒரே வேகத்தில் சுற்றாது. ஒரு சுற்றுக்கு ரெண்டு தரம் வேகம் கூடி ரெண்டு தரம் குறையும். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிற கை அதை உணரும். மடங்கினாலும் வேகம் மாறாத மூட்டைச் செய்வதும், அதை மண்ணும் தண்ணியும் போகாமல் மூடி வைப்பதும்தான் முன் அச்சின் முழுக் கதையும். மாமாவின் ஜீப்பில் ஒழுகுகிற உருண்டைக்கூடு அந்த மூட்டின் வீடு.

நாலு சில்லும் இழுக்கும் கார் ஒன்றை நெதர்லாந்தின் ஸ்பைக்கர் நிறுவனம் 1903 இலேயே செய்து காட்டியது. ஆனால் அதைப் பாவனைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமான ரெண்டு பேர், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கிளின்டன்வில் என்ற சின்ன ஊரில் பட்டறை வைத்திருந்த ஒட்டோ சக்கோவும் அவருடைய மச்சான் வில்லியம் பெசர்டிக்கும். மணல் றோட்டில் சறுக்கி விழுந்த காரை முன்னுக்கு எடுக்க முடியாமல், ரிவர்சில் போட்டபோது ஏறி வந்ததைப் பார்த்துத்தான் சக்கோவுக்கு இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். 1908 இல் உருண்டைக்கூட்டுக்குள் மூடிய மூட்டுக்குக் காப்புரிமை எடுத்தார்கள். அவர்கள் தொடங்கிய எஃப்.டபிள்யூ.டி. கம்பனியின் லொறிகள் முதலாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கில் ஐரோப்பாவுக்குப் போயின. பல்கலைக்கழகத்து எஞ்சினியர்கள் இல்லை, ஊர்ப் பட்டறைக்காரர்கள். கராஜ்காரரிடம் இதைச் சொன்னபோது அவருடைய முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்.

அச்சு மாற்றுவதையே தொழிலாக வைத்திருந்தவர்களும் உண்டு. 1931 இல் தொடங்கிய மார்மன் ஹெரிங்டன் என்ற அமெரிக்கக் கம்பனி, ஃபோர்ட் லொறிகளை எடுத்து, இழுக்காத முன் அச்சைக் கழட்டிவிட்டு இழுக்கிற அச்சைப் போட்டு விற்றது. இரண்டாம் உலகப் போரில் அவர்களுடைய பாகங்கள் தென்னாபிரிக்காவுக்குப் போய், ஃபோர்ட் சட்டத்தின்மேல் கவச வாகனங்களாகி, வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் ஓடின. ஆகவே கராஜ்காரர் சொன்னது பைத்தியக்கார யோசனை ஒன்றும் இல்லை. ஆனால் மார்மன் ஹெரிங்டன் கழட்டிப் போட்டது அந்த லொறிக்கென்றே அளவெடுத்துச் செய்த அச்சு. பஞ்சிகாவத்தையில் கிடப்பது யாரோ ஒருவருடைய வேறொரு வாகனத்துக்காக ஜப்பானில் செய்த அச்சு.

ஜீப்புக்கு வருவோம். 1940 இல் அமெரிக்க இராணுவம் ஒரு சின்ன நாலுசில்லு வண்டி கேட்க, பான்டம் கம்பனி முதல் மாதிரியைச் செய்ய, கடைசியில் வில்லிசும் ஃபோர்டும் சேர்ந்து 1945 வரைக்கும் 6 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளின. இந்த வண்டிகளின் முன் அச்சில் ஒரு சுவாரசியம் இருக்கு. வேகம் மாறாத மூட்டைத் துல்லியமாகக் கடைவது கஷ்டம், அதற்கான மெசின்களும் குறைவு. போர்க்கால உற்பத்தியில் தொண்டையில் சிக்கிய முள் இந்த மூட்டுத்தான். அதனால் பென்டிக்ஸ், செப்பா, ஸ்பைசர், திராக்தா என நாலு வகை மூட்டுகளையும் எது கிடைக்குதோ அதைப் போட்டு ஓட்டினார்கள். போருக்கு நடுவிலும் 'எது சிறந்த மூட்டு' என்பதைவிட 'எது கையில கிடைக்கும்' என்ற கேள்விதான் வென்றிருக்கு. இதை வாசித்தபோதுதான் மாமாவின் பிரச்சினைக்கு ஒரு நுனி பிடிபட்ட மாதிரி இருந்தது.

இன்னொரு நுனி எகிப்தில் கிடைத்தது. எனக்கு இந்தத் தேடலில் ஆகப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ரால்ஃப் பாக்னோல்ட் என்று ஒரு பிரிட்டிஷ் இராணுவ எஞ்சினியர். 1920களிலும் 30களிலும் லீவு கிடைக்கிற நேரமெல்லாம் நண்பர்களோடு ஃபோர்ட் கார்களில் லிபியப் பாலைவனத்துக்குள் போய்வந்தார். முன் சில்லு இழுக்காத சாதாரணக் கார்கள். அவர்கள் கண்டுபிடித்தது மூன்று விசயம்: டயரின் காற்றைக் குறைக்க வேண்டும், தேவையில்லாத பாரத்தை இறக்க வேண்டும், புதைந்தால் சில்லுக்கு முன்னால் நீட்டு இரும்புத் தகடு வைத்து ஏற வேண்டும். மணல் எப்படிக் காற்றில் பறக்கிறது, மேடு எப்படி உருவாகிறது என்று ஆராய்ந்து 1941 இல் அவர் வெளியிட்ட புத்தகத்தை இன்றைக்கும் மணல் ஆராய்ச்சி செய்கிறவர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள்.

1940 இல் போர் எகிப்துக்கு வந்தபோது, எதிரியின் பின்னால் பாலைவனத்துக்குள் நூற்றுக்கணக்கான மைல் போய் வேவு பார்க்க ஒரு படையை அமைக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. லோங் ரேஞ்ச் டெசர்ட் குரூப் என்பது அதன் பெயர். முதலில் எடுத்தவை முன் சில்லு இழுக்காத செவ்ரோலே லொறிகள். கதவையும் கூரையையும் கழட்டி எறிந்துவிட்டு ஓட்டினார்கள். 1941 இல் அவை தேய்ந்துபோக, நாலு சில்லும் இழுக்கும் ஃபோர்ட் லொறிகளைக் கொடுத்தார்கள். கேட்கிறவனுக்கு, அப்பாடா, இனிப் பிரச்சினை தீர்ந்தது என்றுதான் தோன்றும். நடந்தது வேறு. அந்த லொறிகள் பாரம் கூட, பெற்றோலும் அதிகமாகக் குடித்தன. போகிற தூரத்துக்கு எல்லாப் பெற்றோலையும் முதுகில் சுமந்துகொண்டு போகவேண்டிய படைக்கு அது பெரிய இடி. 1942 இல் கனடாவில் செய்த புதிய செவ்ரோலேக்கள் வந்தபோது மறுபடி முன் சில்லு இழுக்காத வண்டிக்கே திரும்பிப் போனார்கள். மணலைக் கரைத்துக் குடித்த மனிதர்கள், முன் அச்சின் இழுவையை அனுபவித்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று வைத்தார்கள்.

பேசாலைக் கரையில் நின்று பார்த்தால் இது அவ்வளவு அதிசயமாகத் தெரியாது. இங்கே படகை இழுத்து ஏற்றுகிற பழைய உழவு இயந்திரங்கள் பலதுக்கும் முன் சில்லு இழுப்பதில்லை. பெரிய பின் டயரும், மெதுவான கியரும், ஓட்டுகிறவரின் அனுபவமும் போதும். லொறி புதைந்தால் பனைமட்டையை அடுக்கிச் சில்லுக்கு அடியில் தள்ளுவார்கள். பாக்னோல்டின் இரும்புத் தகட்டுக்கும் அதற்கும் தத்துவத்தில் வித்தியாசம் இல்லை. (மன்னாரின் முதல் நாலுகால் இழுவை வாகனம் கழுதைதான். அரபு வணிகர்கள் கொண்டுவந்தவை என்று சொல்லப்படும் அந்தக் கழுதைகளுக்கு ஒயில் சீல் கிடையாது, இன்றைக்கும் மன்னார் டவுனில் றோட்டுக்கு நடுவில் நின்று ஹோர்னுக்கும் அசையாமல் நிற்கின்றன.)

மாமாவும் டயர்க் காற்றை இறக்குவார். ஆனால் பாதி நாள் இறக்கமாட்டார், ஏனென்றால் திரும்ப அடிக்கப் பம்ப் இல்லை. காற்றைப் பாதியாக்கினால் டயர் மணலில் பதிகிற பரப்பு ஏறத்தாழ ரெண்டு மடங்காகும், மணல்மேல் விழும் அழுத்தம் ஏறத்தாழப் பாதியாகும். முப்பது இறாத்தலில் திணறுகிற ஜீப் பதினைந்தில் நடந்து போகும். இதற்கு அச்சு மாற்றத் தேவையில்லை, ஒரு சின்னக் கொம்பிரசர் போதும்.

இனி, அந்த ஜீப் இந்தக் கரைக்கு எப்படி வந்தது என்பது. போர் முடிந்தபின் வில்லிஸ் ஜீப் உலகம் முழுக்கப் பரவியது. 1947 இல் வேல்சில் அங்கிள்சி தீவின் கடற்கரையில் மோரிஸ் வில்க்ஸ் தன் பண்ணை ஜீப்பை மனதில் வைத்து மணலில் கோடு கீறிக் காட்டியதுதான் லான்ட் ரோவரின் முதல் படம் என்பார்கள். மிட்சுபிசி 1953 இல் வில்லிசிடம் உரிமம் வாங்கி ஜீப் செய்யத் தொடங்கி 1998 வரைக்கும் விடாமல் செய்தது. நாற்பத்தைந்து வருசம். எஞ்சின் டீசலானது, உடம்பு நீண்டது, ஆனால் முன் அச்சின் அந்த மூடிய உருண்டைக்கூடு போர்க்கால ஜீப்பின் வழியில் வந்ததாகவே இருந்தது. இலங்கையில் '4 டீ.ஆர். 5' என்று எஞ்சின் பெயராலேயே அறியப்படுகிற ஜீப்புகள் அந்தப் பரம்பரை. மாமாவுடையதும் அதுதான்.

இலங்கையில் வாகனம் என்பது எப்போதும் இறக்குமதிக் கதவு திறந்திருக்கா மூடியிருக்கா என்பதோடு சம்பந்தப்பட்டது. 1970களின் முதல் பாதியில் கட்டுப்பாடு, 1977க்குப் பிறகு திறப்பு. 2020 மார்ச்சில் மறுபடி பூட்டு, தனியார் வாகனங்களுக்கு அது திறந்தது 2025 இல். கதவு மூடியிருந்த ஒவ்வொரு தரமும் பழைய வாகனத்தைத் திருத்தத் தெரிந்தவனுக்கு மரியாதை கூடியது.

மன்னாருக்கு அதற்குள்ளே இன்னொரு கதவு இருந்தது, தாம்போதி. 1914 இல் தலைமன்னாருக்கு ரயில் வந்த காலம் தொட்டு, சாமானெல்லாம் அந்த ஒரே வழியால்தான் தீவுக்குள் வரும். 1990 இல் பாலம் தகர்க்கப்பட்டது, ரயிலும் நின்றது. அதே வருசம் ஒக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டிச் சனம் கடலால் கற்பிட்டிக்குப் போனது. வீட்டையும் கடையையும் போலவே லொறியையும் உழவு இயந்திரத்தையும் படகில் ஏற்ற முடியாது. அவர்கள் விட்டுப் போன வாகனங்களுக்கு என்ன நடந்தது என்பது இந்தக் கட்டுரையில் ஒரு வரியில் கடந்துபோகிற விசயம் இல்லை. அதை எழுதவேண்டியவர்கள் எழுதவேண்டும், நாம் வாசிக்கவேண்டும்.

பெருநிலப்பரப்பில், புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளுக்கு எரிபொருளும் பற்றரியும் வாகன உதிரிப்பாகமும் தடை. மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓடிய காலம் அது. ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பேரிங் இல்லையென்றால் இன்னொரு செத்த வாகனத்திலிருந்து எடுப்பது, புஷ் இல்லையென்றால் கடைந்து போடுவது. எங்கள் கராஜ்காரர் தொழில் பழகியது அந்தக் காலத்து அடம்பன் பக்கம். அவரிடம் ஒருநாள் கேட்டேன், "அந்த நேரம் எந்த வாகனம் கடைசி வரைக்கும் ஓடினது?" கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஊருக்குள்ள ரெண்டு மூண்டு ஒரே மாதிரி நிண்ட வாகனம்தான் தம்பி. ஒண்டு செத்தா மற்றது வாழும்."

அந்தப் பதிலை வைத்துக்கொண்டே அவருடைய யோசனையை அவருக்கு எதிராகத் திருப்பினேன். பேசாலையிலும் தலைமன்னாரிலுமாக மாமாவுடையதைப்போல இன்னும் சில ஜீப்புகள் நிற்கின்றன. மூடிய கூட்டின் சீல், கிங் பின் பேரிங், ஹப் பேரிங், குரொஸ் எல்லாம் அவற்றுக்குப் பொது. மாமா மட்டும் வேறு அச்சுக்குப் போனால் தனி ஆள். அந்த அச்சு எந்த வாகனத்தினுடையது, எந்த வருசம், எந்த ரேஷியோ என்று ஒருத்தருக்கும் தெரியாத ஒன்று.

ரேஷியோ சும்மா விசயம் இல்லை. முன் அச்சின் கிரவுன் வீலும் பினியனும் பின் அச்சோடு ஒரே கணக்கில் இருக்கவேண்டும். போர்க்கால வில்லிசில் ரெண்டுமே 4.88, பிறகு வந்த சிவில் ஜீப்பில் ரெண்டுமே 5.38. முன்னுக்கு ஒரு கணக்கு, பின்னுக்கு ஒரு கணக்கு என்றால் மணலில் சில்லு சறுக்கிச் சமாளிக்கும். நாலு சில்லு லீவரைப் போட்டபடி கெட்டி றோட்டில் ஏறினால் டிரான்ஸ்பர் கேஸ் உடையும். டிஃபரன்ஷியல் குடம் எந்தப் பக்கம் தள்ளி இருக்கு என்பதும் ஒத்துவரவேண்டும், இல்லையென்றால் முன் ஷாஃப்ட் நேராகப் போய்ச் சேராது. நட் எண்ணிக்கை வேறென்றால் முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று என்று ரெண்டு ஸ்பெயார் சில்லு. அகலம் கூடின அச்சென்றால் இன்னொரு கரைச்சல்: முன் சில்லு அமத்திய தடத்தில் பின் சில்லு உருளாமல், தனக்கென்று புதுத் தடம் வெட்டும். மணலில் அது ரெண்டு தரம் உழுகிற வேலை, டீசலும் அப்படியே போகும். 2022 இல் கியூவில் நின்றதையும், அந்த ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனதையும் இந்தக் கரையில் ஒருத்தரும் மறக்கவில்லை.

இதெல்லாவற்றையும்விட எனக்குப் பயம் வெல்டிங்தான். ஸ்பிரிங் உட்காரும் இடத்தைப் புது அச்சில் அறுத்து மாற்றி ஒட்டவேண்டி வரும். வார்ப்பு இரும்புப் பகுதியில் சாதாரண வெல்டிங் பிடித்த மாதிரி இருக்கும், ஒருநாள் விரிசல் விடும். மீன்பெட்டிக்கு மேல் நாலு பெடியங்கள் தொங்கிக்கொண்டு வருகிற வண்டி அது.

மாற்றினால் கிடைக்கிற நன்மையையும் மறைக்கக்கூடாது. டிஸ்க் பிரேக் உண்மையிலேயே பெரிய விசயம். ட்ரம்முக்குள் மணலும் உப்புத்தண்ணியும் போனால் மாமாவின் ஜீப் நிற்க நினைக்கிற இடத்தில் நிற்காது. ஒருதரம் நடுக்குடாப் பக்கம் காற்றாலை றோட்டில் ஒரு மாட்டை மயிரிழையில் தப்பவிட்டார். கராஜ்காரர் இந்த ஒரு விசயத்தில் விட்டுக்கொடுக்கவே இல்லை, அவர் சொன்னது சரி. ஆனால் பிரேக்குக்காக அச்சு மாற்றுவது, வாசல்கதவு இறுகுது என்று வீட்டைப் பிரித்துக் கட்டுகிற மாதிரி. ட்ரம்மைக் கழட்டிக் கழுவுகிற பழக்கம் வேண்டும், லைனிங் மாற்றவேண்டும், கடலுக்குள் பாதிச் சில்லு இறங்கும்வரை ரிவர்ஸ் எடுக்கிற பழக்கத்தை விடவேண்டும். கடைசியில் சொன்னதை மாமாவிடம் சொன்னபோது, "அப்ப மீனைத் தோளிலயா தூக்கிறது?" என்றார்.

மூன்று இரவு பேசினோம். மாமா கணக்குக் கொப்பியை எடுத்து ஒரு பக்கத்தில் அச்சு, கூலி, கொழும்பு லொறிக்காசு, மறுபக்கத்தில் சீல் செட், பேரிங், கிங் பின், லைனிங், ஒரு பழைய கொம்பிரசர் என்று எழுதினார். கூட்டிப் பார்த்தபோது இரண்டாவது பக்கம் முதலாவதின் கால்வாசிகூட வரவில்லை. அச்சு மாறவில்லை. கராஜ்காரருக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான், என்றாலும் அடுத்தநாளே மூடிய கூட்டைக் கழட்டி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, உருண்டையின் மேற்பரப்பைத் தடவிப் பார்த்தார். இடது பக்கம் உப்பு அரித்துச் சின்னச் சின்னக் குழி. புது சீல் போட்டாலும் அந்தக் குழிகள் அதைத் தின்னும். உலோகத்தை நிரப்பித் தேய்த்து எடுத்தார், ஒன்றரை நாள் வேலை. அந்த ஒன்றரை நாளும் மீன்பெட்டியை உழவு இயந்திரத்தில் கூலிக்கு ஏற்றினோம்.

சீல் செட் செவ்வாய்க்கிழமை கொழும்பு பஸ்ஸில் வந்தது. தாம்போதி தாண்டி, மன்னார் பஸ் நிலையத்தில் நானே போய் வாங்கிவந்தேன். பிரித்துப் பார்த்தால் உள்விட்டம் ரெண்டு மில்லிமீற்றர் பெரிசு. தலைமன்னாரில் இதே ஜீப் வைத்திருக்கிற ஒருத்தர், போன வருசம் கூடுதலாக வாங்கி வைத்த ஒரு செட்டைத் தந்தார். அவருக்கு நாங்கள் ஒரு செட் கடன்.